சுவாமி இல்லாத 29 வருடம்: ஒல்லாந்தர் காலத்துக் கத்தோலிக்கர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு தை மாதமும், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் இங்கே ஒளித்து வந்து ஊழியம் செய்த குருவான (நாங்கள் சுவாமி என்போம்) புனித யோசப் வாஸின் திருநாளை (ஜனவரி 16) ஒட்டி, எங்கள் பங்கின் மறைக்கல்விப் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவர் ஒளிந்திருந்த சில்லாலைக்குப் போவேன். போகும்போது பாட்டு, வரும்போது கேள்வி. கேட்பது பிள்ளைகள் என்றாலும் பின்சீட்டில் தாய் தகப்பன்மார் காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். தாங்கள் கேட்கக் கூச்சப்படுவதைச் சிலவேளை பிள்ளையின் வாயால் கேட்பிப்பதும் உண்டு. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரீச்சர், அப்படி என்னதான் நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கோ.

1658 பெப்ரவரியில் மன்னாரும் ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டையும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போயின. வந்தவர்கள் கல்வின் வழிவந்த புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தச் சபையார். போர்த்துக்கேயக் குருமார் நாடு கடத்தப்பட்டார்கள். அதே வருடம் ஒரு கட்டளை வந்தது: கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை. தெல்லிப்பழை, பண்டத்தரிப்பு, வட்டுக்கோட்டை என்று ஊரூராக இருந்த கோவில்களில் பீடமும் சுருவங்களும் (சிலைகளும்) போய், பிரசங்க மேடையும் பள்ளிக்கூட வாங்குகளும் வந்தன. அப்போது யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பல்தேயஸ் பாதிரியார் 1672இல் அச்சிட்ட தன் நூலில் அந்தக் கோவில்களைப் படமாகவே போட்டிருக்கிறார். கட்டடம் பழையது, உள்ளே நடந்தது புதியது.

அதற்குப் பிறகு 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் சுவாமி ஒளித்து வந்து சேரும்வரை, வடக்கில் நிலையாக இருந்து பூசை வைக்க ஒரு குருவும் இல்லை. 29 வருடம். 1658இல் முதல் நன்மை (முதல் நற்கருணை) வாங்கிய பிள்ளை, பேரப்பிள்ளை கண்ட பிறகுதான் அடுத்த பூசையைக் கண்டிருக்கும்.

எல்லாரும் உறுதியாக நின்றார்களா?

இல்லை. திருநாள் பிரசங்கங்களில் எல்லாரும் நின்றதுபோலத்தான் சொல்வார்கள். அது சரியில்லை.

ஒல்லாந்தர் வாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகவில்லை. அவர்கள் கையில் இருந்தது தோம்பு என்கிற பதிவேடு. ஞானஸ்நானம், கலியாணம், பிள்ளைகளின் பெயர் எல்லாம் பள்ளித்தோம்பில் பதிய வேண்டும். பதியாத கலியாணம் சட்டத்துக்குக் கலியாணமே இல்லை. அந்தப் பிள்ளைக்குக் காணி உரிமையில் சிக்கல் வரும். முதலியார் உத்தியோகம் வேண்டுமென்றால் சீர்திருத்தச் சபையில் பெயர் இருக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தகப்பனுக்குத் தண்டம். சட்டம்பியார் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார்.

இப்படியொரு நெருக்கடியில் சனம் என்ன செய்யும்? பெரும்பாலானவர்கள் பெயரைப் பதிந்தார்கள். சைவர்களும் பதிந்தார்கள், கத்தோலிக்கரும் பதிந்தார்கள். வெளியே தோம்பில் ஒரு பெயர், வீட்டுக்குள் வேறு வணக்கம். சிலர் வீட்டுக்குள் இருந்ததையும் காலப்போக்கில் விட்டார்கள். சிலர் விடவில்லை.

அப்படியென்றால் ஒல்லாந்துப் பள்ளியில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வாங்கியவர்கள் மறுதலித்தவர்களா?

வருடா வருடம் பின்சீட்டிலிருந்து வருகிற கேள்வி இது. நான் இதில் கொஞ்சம் நின்று சொல்வேன்.

ஞானஸ்நானத்தைப் பற்றித் திருச்சபையின் போதனை தெளிவானது. தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்தால், கொடுத்தவர் வேறு சபையாராக இருந்தாலும் அது ஞானஸ்நானம்தான். ஆகவே பிள்ளையை ஒல்லாந்துப் பாதிரியாரிடம் தூக்கிக்கொண்டு போன தாய் ஒரு பொய்த் தெய்வத்துக்குப் பிள்ளையைக் கொடுக்கவில்லை. காணியையும் காத்தாள், பிள்ளையின் ஞானஸ்நானமும் செல்லும். இது எனக்குக் கோழைத்தனமாகத் தெரியவில்லை. இருக்கிற ஒழுங்கைக்குள்ளால் வண்டியைத் திருப்பத் தெரிந்த கெட்டித்தனமாகத்தான் தெரிகிறது.

ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளியில் போய் இருக்க வேண்டும். மாதாவை வணங்குவது விக்கிரக வழிபாடு என்று பிரசங்கம் நடக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு "அவர் சொன்னது ஒரு காதால் கேட்டு மற்றக் காதால் போகட்டும்" என்று சொல்ல வேண்டும். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று வளர்கிற பிள்ளை ஒருநாள் உள்ளே இருப்பதையும் வேடம் என்று நினைத்துவிடலாம். அப்படி நினைத்த குடும்பங்களும் இருந்திருக்கும். எங்கே கோடு போடுவது என்பதை அந்தந்த வீடுதான் தீர்மானித்தது. குருவை ஒளிக்க இடம் கேட்டு இரவில் படலை தட்டப்பட்டபோதுதான் யார் எந்தக் கோட்டில் நின்றார்கள் என்பது தெரியவந்தது.

குருவானவரே இல்லாமல் எப்படிக் கத்தோலிக்கராக இருப்பது?

பூசை இல்லை, நற்கருணை இல்லை, குருவிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிறவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லை. மிச்சம் என்ன என்று ஒரு பொடியன் கேட்டான். நல்ல கேள்வி.

முதலாவது, செபமாலை. அதற்குக் குருவும் தேவையில்லை, கோவிலும் தேவையில்லை, எழுத்தும் தேவையில்லை. மணி அறுந்தால் பத்து விரல் இருக்கிறது. இரண்டாவது, ஞானஸ்நானம், அவசரத்தில் அதை யாரும் கொடுக்கலாம். மூன்றாவது, எங்கள் பழைய செபப் புத்தகங்களில் உத்தம மனஸ்தாபம் என்று ஒன்று வரும். தண்டனைக்குப் பயந்து வருந்துவதை விட்டு, கடவுளை நேசிப்பதால் பாவத்துக்கு வருந்தி, குருவைக் கண்டவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று தீர்மானிப்பது. குரு கிடைக்காத இடத்தில் சாகிறவனுக்கு அது போதும் என்று திருச்சபை சொல்கிறது. இன்றைக்குப் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணிவிட்டு மறந்துபோகிற செபம், அந்தச் சனத்துக்குச் சாவுப் படுக்கையில் கடைசிக் கயிறு.

இதையெல்லாம் நடத்தியவர்கள் மூப்பர்மாரும் அண்ணாவிமாரும். செபத்தை முன்னின்று சொல்வது, திருநாள் எந்த நாளில் என்று கணக்கு வைத்திருப்பது, செத்தவருக்கு மண் போடும்போது செபிப்பது, சுருவத்தை யார் வீட்டில் ஒளித்து வைப்பது என்று முடிவெடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. இன்றும் எங்கள் ஊர்களில் மூப்பர் சொன்னால் பங்குச்சுவாமியே ஒருதரம் யோசிப்பார். அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும்.

சுருவங்களை என்ன செய்தார்கள்?

ஒளித்தார்கள், புதைத்தார்கள், காட்டுக்குள் கொண்டுபோனார்கள். எல்லாருக்கும் தெரிந்தது மடு மாதா. 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு ஒல்லாந்தர் கை எட்டாத வன்னிக் காட்டுக்குப் போய் மருதமடுவில் தங்கினார்கள் என்பது மரபு. யானையும் பாம்பும் இருக்கிற காடு. மடு மண் பாம்புக்கடிக்கு மருந்து என்ற நம்பிக்கை வந்த சூழல் அதுதான்.

யோசப் வாஸ் சுவாமி கூலியாள் வேடம் போட்டுத்தானே வந்தார்? அது பொய் இல்லையா?

இதைக் கேட்டவள் ஒரு பத்து வயதுக்காரி. பரீட்சையில் பார்த்தெழுதியதற்கு முதல்நாள்தான் என்னிடம் பேச்சு வாங்கியிருந்தாள், அதனால் கேள்வியில் கொஞ்சம் காரம் இருந்தது.

நடந்தது இது. யோசப் வாஸ் 1651இல் கோவாவில் பெனவ்லிம் ஊரில் பிறந்தவர். இலங்கையில் கத்தோலிக்கர் குருவில்லாமல் தவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யுவான் என்ற பொடியனைக் கூட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, கூலியாள் உடுப்பில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். வெள்ளைக்காரக் குரு வந்திருந்தால் துறையிலேயே பிடித்திருப்பார்கள். இவருடைய கறுத்த தோல்தான் இவருக்குக் கடவுச்சீட்டு. வந்தவுடன் வயிற்றோட்டம் பிடித்தது. தொற்றிவிடும் என்று பயந்து ஊருக்கு வெளியே காட்டுப்பக்கமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துத்தான் உயிர் தப்பினார்.

சுகமான பிறகு என்ன செய்தார் தெரியுமா? கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். பிச்சைக்காரன் கழுத்தில் மாலை கிடந்தால் யாரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அது செபமாலை என்று தெரிந்தவன் கண் ஒரு கணம் அங்கே நிற்கும். அந்தக் கண்ணைத்தான் அவர் தேடினார். அப்படித்தான் ஒரு கத்தோலிக்க வீட்டைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து அவரைச் சில்லாலைக்குக் கொண்டுபோனார்கள். பகலில் வீட்டுக்குள், இரவில் ஊர் ஊராக.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். நான் யார் என்பதைக் கேட்க உரிமையில்லாதவனிடம் சொல்லாமல் விடுவது ஒன்று. "நான் கிறிஸ்தவன் இல்லை" என்று வாயால் சொல்வது வேறு. அவர் முதலாவதைச் செய்தார். அவர் வேடத்துக்குள் கூட அடையாளத்தைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார் என்பதைப் பிள்ளைக்குச் சொன்னேன். "அப்ப பிடிபட்டிருந்தால்?" என்று திருப்பிக் கேட்டாள். பிடிபட்ட சனத்தின் கதையை அடுத்ததாகச் சொன்னேன்.

யாராவது பிடிபட்டார்களா?

1689 நத்தார் (கிறிஸ்மஸ்) இரவு. யாழ்ப்பாணத்தில் இராப்பூசைக்குச் சனம் கூடியிருந்த நேரம் ஒல்லாந்தப் படையினர் வீட்டுக்குள் பாய்ந்தார்கள். சுமார் 300 பேர் பிடிபட்டார்கள். சுவாமி தப்பிவிட்டார். பிடிபட்டவர்களில் பலருக்குத் தண்டம், எட்டுப் பேருக்குக் கடுமையான தண்டனை. அவர்களில் ஒருவர் தோன் பேதுரு. கல்வின் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்தவர் என்பதால் அடி அவருக்கு அதிகம். அந்த அடியிலேயே செத்தார். மற்ற ஏழு பேருக்கும் ஆயுள் முழுதும் கடூழியம்.

யோசப் வாஸுக்கு 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தார். நானும் அன்று அந்த வெயிலில் நின்றேன். கடூழியம் செய்த அந்த ஏழு பேருக்கும் ஒரு திருநாள் இல்லையே என்று அப்போது தோன்றியது. குரு தப்ப வேண்டுமென்றால் யாரோ பிடிபட வேண்டியிருந்தது. பிடிபட்டவர்களுக்கு மனைவி பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். இந்தக் கணக்கைச் சொல்லாமல் சுவாமியின் கதையை மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பிறகு சுவாமி எங்கே போனார்?

1690இல் புத்தளத்துக்கு. அது கண்டி ராசாவின் ஆட்சிக்கு உட்பட்ட துறை. 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய உளவாளி என்று கோள்மூட்டி விட்டார்கள். ராசா பிடித்து அடைத்தார். மறியலுக்குள்ளேயே ஒரு கொட்டில் கோவில் கட்டிப் பூசை வைத்தார், சிங்களம் படித்தார்.

கண்டி ராசா பௌத்தர்தானே? ஏன் விட்டுவைத்தார்?

இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தர்தான், அதுவும் பக்தியான பௌத்தர். மழையில்லாமல் நாடு காய்ந்தபோது சுவாமி செபித்து மழை பெய்தது, அதனால் ராசா மனமிரங்கினார் என்பது நாம் சொல்லும் வரலாறு. 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது, சொந்தச் சனமே நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு ஓட, சுவாமியும் அவருடைய மருமகனான கர்வாலியோ சுவாமியும் எந்தச் சமயத்தவர் என்று பாராமல் கழுவித் துடைத்துச் சோறூட்டினார்கள். ஒருகாலம் தானும் அப்படிக் காட்டில் விடப்பட்டவர் அல்லவா. ராசாவுக்கு அரசியல் கணக்கும் இருந்தது: ஒல்லாந்தருக்குப் பிடிக்காதவர்கள் தன்னிடம் இருப்பதில் அவருக்கு நட்டமில்லை.

சுவாமி 1711 ஜனவரி 16இல் கண்டியில்தான் இறந்தார். கிறிஸ்தவ அரசு துரத்திய குருவுக்குப் பௌத்த அரசு இடம் கொடுத்தது. இதைப் பிள்ளைகளுக்கு நான் இரண்டு தரம் சொல்வேன்.

ஒல்லாந்தர் கெட்டவர், போர்த்துக்கேயர் நல்லவர் என்று எடுக்கலாமா?

எடுக்கக்கூடாது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தது போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா. போர்த்துக்கேயரின் சாப்பாட்டுக்கு முறை வைத்துப் பசு கொடுக்க மனமில்லாமல் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் இரவோடிரவாக ஊரை விட்டுச் சிதம்பரம் போனார் என்று சைவ மரபு சொல்கிறது. அவர் பெயரில் அங்கே குளமே இருக்கிறது. நம்பிக்கையைக் காக்க ஓடியவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருந்தார்கள். அதேபோல 1544இல் மன்னாரில் புதிதாக மறையில் சேர்ந்த சுமார் 600 பேரை யாழ்ப்பாணத்துச் சங்கிலி ராசா கொல்லுவித்தார். யார் கையில் வாள் இருந்ததோ அவர் வெட்டினார், யார் கையில் தோம்பு இருந்ததோ அவர் பெயரை அடித்தார்.

ஒல்லாந்தர் பள்ளிக்கூடங்களையும் நடத்தினார்கள், 1690இல் நல்லூரில் குருமடம் தொடங்கினார்கள். அவர்களில் மனமறிந்து ஊழியம் செய்தவர்களும் உண்டு.

பயப்படுவது பாவமா?

இல்லை. இயேசுவே கெத்செமனியில் பயந்தார்.

இதற்கு நான் சொல்வது என் அம்மம்மாவின் கதை. 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. எனக்கு ஒன்பது வயது. மழை. அம்மம்மாவுக்குப் பயத்தில் கை நடுங்கியதை நான் பார்த்தேன்; ஜாம் போத்தல் விளக்கைப் பிடித்திருந்த கை அது. எல்லாரும் அரிசி, காணி உறுதி, நகை என்று கட்ட, அவர் முழ உயரமான மாதா சுருவத்தைத் தன் கூறைச் சீலையில் சுற்றினார். "அதை விட்டுட்டு வா அம்மா, பாரம்" என்று மாமா கத்தினார். "பாரமெண்டா நீ என்னை விட்டுட்டுப் போ" என்றார். செம்மணி வெளியில் சனநெரிசலில் சுருவத்தின் மூக்கு உடைந்தது. இன்றும் எங்கள் வீட்டில் மாதாவுக்கு மூக்கு இல்லை. ஒட்டுவிக்கலாம் என்று யாராவது சொன்னால் அம்மா விடுவதில்லை.

மடு மாதாவையும் 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய், ஓகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1670இல் நடந்ததை நேரில் பார்த்ததுபோல இருந்தது.

அந்தக் காலத்திலிருந்து இன்றும் எங்களிடம் என்ன இருக்கிறது?

தவக்காலத்தில் நீங்கள் நித்திரை தூங்கிக்கொண்டு கேட்கிற, கிறிஸ்துவின் பாடுகளை இராகத்தோடு படிக்கும் வியாகுலப் பிரசங்கம். அதை எழுதியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. 1705இல் கோவாவிலிருந்து வந்து 1742இல் போலவத்தையில் இறந்தவர். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். குரு எந்த நேரமும் பிடிபடலாம் என்ற காலத்தில், குரு இல்லாவிட்டாலும் சனம் கூடிப் படிக்க ஒன்று வேண்டும் என்றுதான் இப்படியான நூல்களுக்கு அவ்வளவு தேவை. அந்த இராகத்தோடு அதைப் படிக்கத் தெரிந்த ஆட்கள் இப்போது குறைந்து வருகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் போனில் பதிந்து வையுங்கள்.

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலும் அப்படித்தான்: ஒல்லாந்தருக்கு ஒளித்துத் திரிந்த ஒரு குரு தொடங்கியது என்பது அங்குள்ள மரபு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த அதே கோவில்.

எப்போது விடிவு வந்தது?

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. 1806இல் ஆங்கிலத் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை எடுத்துவிட்டார். அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தோம்பில் ஆயிரமாயிரமாகப் பதிந்திருந்த சீர்திருத்தச் சபையார் கொஞ்ச வருடத்துக்குள் கரைந்து போனார்கள். பதிந்ததே உத்தியோகத்துக்கும் காணிக்கும்தான். தடை செய்யப்பட்டிருந்த கத்தோலிக்கர் வெளியே வந்து கோவில் கட்டத் தொடங்கினார்கள்.

அம்மா வளைகுடாவில் வீட்டு வேலை செய்கிறா. அங்கே கோவிலுக்குப் போகேலாதாம். அவ என்ன செய்யிறது?

எந்த நாடு என்று முதலில் கேட்பேன். குவைத், கட்டார், துபாயில் கோவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு எங்கள் சனமும் கேரளச் சனமும் பிலிப்பைன்ஸ் சனமும் நிரம்பி வழியும். லீவு கிடைப்பதுதான் பாடு. சவூதியில் பகிரங்க வழிபாட்டுக்கு இடமில்லை.

அந்தப் பிள்ளையின் தாய் சவூதியில். கடவுச்சீட்டு முதலாளி கையில், மாதத்துக்கு ஒரு போன். வீட்டுக்காரரோடு வாதாடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில்லாலைச் சனமும் படைவீரனோடு வாதாடவில்லை. பத்து விரலில் செபமாலை சொல்வது எப்படி என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடு என்றேன். "அம்மா ஏற்கெனவே அப்பிடித்தான் சொல்லுறவ, மாப் பிசையேக்க" என்றாள் பிள்ளை. பிறகு வீடு வரும்வரை நான் பேசவில்லை.

சில்லாலைக்கு எப்படிப் போவது?

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பண்டத்தரிப்புப் பக்கம் போகும் பஸ் எடுங்கள். தை மாதம் என்றால் காலையில் பனி இருக்கும், சுவெற்றர் கொண்டு போங்கள். கோவில் பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் மூப்பர் யார் என்று கேளுங்கள், திறப்பு அவரிடம்தான் இருக்கும்.